யாரைக் கண்டு சிரித்தனர்?

1836 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம், அந்நாளில் ருஷியாவின் தலைநகராக விளங்கிய சென் பீற்றர்ஸ்பேர்க்கிலே கோகொலின் ‘அரசாங்கப் பரிசோதகர்’ என்னும் நகைநாடகம் முதன்முறையாக மேடையேறியது. சிறியதொரு மாகாணப் பட்டினத்தின் அதிகாரிகள் யாவரும், வழிப்போக்கனாக வந்து தங்கிய வெறும்பயல் ஒருவனைத் தலைநகரத்துப் பரிசோதகன் என எண்ணி நடுநடுங்கி, அவன் கையிலே பணத்தைத் திணிப்பதே கதை. மன்னன் முதலாம் நிக்கொலாஸ் நேரில் வந்து பார்த்துச் சிரித்தான். சபையோருட் சிலர் சிரித்தனர்; சிலர் சினந்தனர். தாம் எண்ணிய பொருளில் நாடகம் விளங்கிக்கொள்ளப்படவில்லை என்ற மனவருத்தத்தோடு கோகொல் அவ்வாண்டிலேயே நாட்டை விட்டு வெளியேறினார்.

அந்த அநுபவத்தை அவர் மறந்தாரல்லர். 1842 இல் வெளியான ஒரு சிறு நாடகத்திலே அதனை எழுத்தாக்கினார். புதியதொரு நகைநாடகம் முடிந்து மக்கள் வெளியேறும் வேளையில், அதன் ஆசிரியன் அரங்கின் முகப்பில் ஒதுங்கி நின்று அவர்கள் பேசுவதைக் கேட்கிறான். பலவகைப்பட்ட மனிதரும் தத்தம் நிலைக்கேற்பத் தீர்ப்புக் கூறிச் செல்கின்றனர். எல்லாரும் சென்ற பின்னர் ஆசிரியன் தனித்து நின்று தன் துயரைச் சொல்கிறான்: தன் நாடகத்திலே நேர்மையான பாத்திரம் ஒன்று இருந்ததை எவரும் கவனிக்கவில்லை. அந்தப் பாத்திரந்தான் சிரிப்பு.

கோகொலின் இவ்விடை நகைச்சுவை எழுதுவோர் அனைவருக்கும் பெருமை தருவது. ஆயினும், அதனை நாம் ஆராயாமல் ஏற்றுக்கொள்ளுதல் பொருந்துமா? சிரிப்பு எப்பொழுதும் நேர்மையான பாத்திரமாகவே நடந்துகொள்கின்றதா? சபையிலுள்ளோர் ஒரே கணத்தில் ஒன்றாகச் சிரிக்கும்போது, அவர்கள் ஒன்றைக் கண்டே சிரிக்கின்றனர் எனக் கூற முடியுமா? கோகொலுக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின், ஆங்கில நாட்டிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் தொலைக்காட்சியில் தோன்றிய இரு நகைச்சுவைத் தொடர்கள் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பின. அவை ஒளிபரப்பான ஆரம்ப ஆண்டுகளில் இலங்கையில் தொலைக்காட்சியே இருக்கவில்லை. இங்கு ஒளிபரப்பு 1979 இலேதான் தொடங்கிற்று. எனினும், நகைச்சுவையைச் சமுதாய நோக்கோடு எழுத விரும்பும் எவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

பி.பி.ஸி. தாபனம் 1965 இல் ஒரு தனி நாடகமாகக் காட்டி, 1966 ஜூன் முதல் தொடராக ஒளிபரப்பியது ‘ரில் டெத் அஸ் டூ பார்ட்’. மரணம் பிரிக்கும்வரை சேர்ந்திருப்போம் எனத் தேவாலயத்தில் மணமக்கள் கூறும் உறுதிமொழியின் சொற்களே இத்தலைப்பு. எழுதியவர் ஜோனி ஸ்பைற். இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகனாக 1920 இல் பிறந்து, இளவயதிலேயே பள்ளியை விட்டுத் தொழிற்சாலைகளில் உழைத்தவர் அவர். அவருடைய கதாநாயகன் அல்ஃப் கார்னற்றும் கிழக்கு இலண்டனின் வொப்பிங் பகுதியில் வாழும் தொழிலாளியே. ஆனால் அவன் மகாராணியைத் தொழுபவன். பழைமை பேணும் கட்சிக்கு வாக்களிப்பவன். கறுப்பினத்தவர், ஆசியர், யூதர், தொழிற்சங்கத்தினர் ஆகிய எல்லோரையும் வாயில் வந்தபடி வைபவன். அவனோடு ஒரே கூரையின் கீழ் மனைவி எல்ஸ், மகள் றீற்றா, இடதுசாரிக் கருத்துக்களையுடைய மருமகன் மைக் ஆகியோர் வாழ்கின்றனர். நாற்காலியில் அமர்ந்து அல்ஃப் முழங்குவதும், மருமகன் எதிர்முழக்கம் செய்வதுமே வாரந்தோறும் நடைபெறும் கூத்து.

துவேஷத்தை அதன் வாயாலேயே பேசவைத்தால் அது தன் மடமையைத் தானே வெளிப்படுத்திக்கொள்ளும் என்பது ஸ்பைற்றின் நம்பிக்கை. இத்தகைய மனிதனைத் தாம் படைக்கவில்லை, சமுதாயமே படைத்தது என்ற கருத்துப்பட அவர் பேசியுமிருக்கிறார். அல்ஃப்பாக நடித்த வொறன் மிச்செல் யூத இனத்தவர். கருத்தில் அல்ஃப்புக்கு முற்றிலும் மாறானவர். ஆனால் தெருவில் அவரைச் சந்தித்த சிலர், குடியேறி வந்தவர்களுக்கு நல்ல பாடம் புகட்டினீர் எனத் தோளில் தட்டிப் பாராட்டினராம். உம்மைப் போன்ற மூடரையே நாம் பரிகசித்தோம் என்று தாம் அவர்களுக்கு விடை கூறியதாக மிச்செல் சொல்லியிருக்கிறார். இச்சிறு நிகழ்ச்சியிலே நமது பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. பாராட்டியவரும் சிரித்தவரே. அவரும் அதே வசனத்துக்கு, அதே கணத்தில், அதே அளவு உரக்கச் சிரித்தவரே.

கண்டனமும் எழாமலில்லை. பள்ளி ஆசிரியையாக இருந்து, தொலைக்காட்சியைத் தூய்மை செய்யும் இயக்கத்தை 1964 இல் ஆரம்பித்த மேரி வைற்ஹவுஸ் இத்தொடரை விடாது எதிர்த்தார். ஆனால் அவருடைய சினத்தைப் பெரிதும் மூட்டியவை தீச்சொற்களும் சமய நிந்தையுமே. ஓர் இனத்தை இழிவுசெய்யும் சொல்லிலும் பார்க்க ஒரு வசைச்சொல் பெரிய குற்றமாகத் தோன்றியமை அவ்வொழுக்கவாதத்தின் இயல்பைக் காட்டப் போதுமானது. தொடரின் உண்மையான குறைபாட்டை அவர் தொடவேயில்லை. அதனாலேயே முற்போக்காளர் பலரும், தணிக்கைக்கு எதிராகத் தொடரைக் காப்பதே தமது கடமை என எண்ணி, அக்குறைபாட்டைத் தாமும் ஆராயாது விட்டனர்.

1968 ஏப்ரில் 20 ஆந் திகதி, பழைமை பேணும் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஈனொக் பவல், குடியேறிகளுக்கு எதிராகப் பர்மிங்ஹாம் நகரில் கொடியதோர் உரை நிகழ்த்தினார். மறுநாள் கட்சித் தலைமை அவரை நிழல் மந்திரிசபையிலிருந்து நீக்கியது. 23 ஆந் திகதி, இலண்டன் துறைமுகத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரவர் வேலையை நிறுத்திவிட்டு, பவலுக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். அல்ஃப் கார்னற்றின் அயலவர் அவர்கள். ஒரு தொலைக்காட்சித் தொடர்தான் அவர்களைத் தெருவில் இறக்கியது எனக் கூறுவது சிறுபிள்ளைத்தனமாகும். நாம் அவ்வாறு கூறவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளாக நாடு முழுவதும் அல்ஃப்பைக் கண்டு சிரித்திருந்தும், அச்சிரிப்பு அத்தெருவில் ஒரு காலடியைக்கூடத் தடுக்கவில்லை என்பதை மட்டும் மறுக்க இயலாது.

அத்திலாந்திக்குக்கு அப்பாலே, இத்தொடரின் உரிமையைப் பெற்று அதனை அமெரிக்க மண்ணுக்கேற்ப மாற்றியவர் நோர்மன் லியர். ஏ.பி.ஸி. நிறுவனம் இருமுறை மாதிரி நாடகம் எடுத்துப் பார்த்துப் பின்வாங்கிய பின், சி.பி.எஸ். நிறுவனம் 1971 ஜனவரி 12 ஆந் திகதி அதனை ‘ஓல் இன் த ஃபமிலி’ என்ற பெயரில் ஒளிபரப்பத் தொடங்கியது. நியூ யோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், சரக்கேற்றும் தளமொன்றின் மேற்பார்வையாளனாக வேலை செய்யும் ஆர்ச்சி பங்கர் இதன் நாயகன். மனைவி ஈடித், மகள் குளோரியா, சமூகவியல் படிக்கும் மருமகன் மைக். முதல் நாடகம் தொடங்குமுன், மனித பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் நகைப்புக்குரியனவாக்கி அவற்றின் அபத்தத்தைக் காட்டுவதே நோக்கம் என அறிவித்தல் ஒன்று திரையில் வந்தது. கண்டனங்கள் வந்து குவியும் என அஞ்சி, தொலைபேசிக்கு மேலதிகமான ஆட்களை நிறுவனம் அமர்த்தியிருந்தது. எதிர்பார்த்த புயல் வீசவில்லை. வந்த அழைப்புகள் சிலவே. அவற்றுட் பெரும்பாலானவை பாராட்டுகள்.

நிறுவனத்தார் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பர். ஆனால் சிந்திக்கும் எழுத்தாளன் அவ்வமைதியைக் கண்டே அஞ்சியிருக்க வேண்டும். துவேஷத்தைத் தோலுரிக்கும் நாடகத்தைக் கண்டு துவேஷமுடையோர் சினக்கவில்லை என்றால், அவர்கள் அதிலே எதனைக் கண்டனர்?

முதலாண்டில் தளர்ந்து நடந்த தொடர், அடுத்த பருவத்திலிருந்து ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக அமெரிக்காவில் மிகக் கூடுதலானோர் பார்த்த நிகழ்ச்சியாயிற்று. 1972 இலே ஆர்ச்சியை ஜனாதிபதியாக்குவோம் என்ற வாசகம் பொறித்த சின்னங்கள் விற்பனையாயின. அவ்வாண்டு நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டிலே, உப ஜனாதிபதிப் பதவிக்கு ஆர்ச்சி பங்கரின் பெயருக்கு ஒரு வாக்கும் விழுந்தது. விளையாட்டுத்தான், ஆனால் எவரும் மருமகன் மைக்கின் பெயரால் அவ்வாறு விளையாடவில்லை.

இத்தொடரைப் பற்றி நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களுள் முக்கியமானது, யூத வெறுப்பைக் கண்டித்து ‘ஜென்ரில்மன்ஸ் அக்ரீமென்ற்’ என்னும் நாவலை 1947 இல் எழுதிய லோறா ஹொப்சன் 1971 செப்ரெம்பரில் நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் எழுப்பியது. உண்மையான துவேஷி வழங்கும் மிகக் கொடிய சொற்களை ஆர்ச்சியின் வாயிலிருந்து அகற்றி, அவற்றினும் மென்மையான இழிசொற்களை இட்டிருக்கின்றனர். இதனால் துவேஷம் கழுவித் துடைக்கப்பட்டு, வீட்டுக்குள் வைத்து விரும்பத்தக்க பொருளாகிவிட்டது என்பது அவர் வாதம். லியர் அதே பத்திரிகையில் மறுமொழி எழுதினார். ஆர்ச்சியின் உருவாக்கத்திலே தம் தந்தையின் சாயல் உண்டு என ஒப்புக்கொண்டவர் அவர். நாம் நேசிக்கும் தந்தையரும் மாமன்மாருமே துவேஷம் பேசுகின்றனர். துவேஷியை அரக்கனாகக் காட்டினால் எவரும் அவனில் தம்மைக் காணார் என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அரக்கனைக் காட்டுவது எளிது. பார்ப்போன் தனக்கும் அவனுக்கும் தொடர்பில்லை என எண்ணி நிம்மதியாக உறங்கப் போவான். ஆனால், அன்புக்குரியவனைக் காட்டுவோர் அவன் பேச்சையும் அன்புக்குரியதாக்கிவிடாது தடுக்கும் வழியை அறிந்திருக்க வேண்டும். அந்த வழி என்ன என்பதே கேள்வி.

ஊகத்தால் முடிவுகாண முடியாத இவ்விவாதத்தை ஆய்வுக்கு உட்படுத்தினர் நீல் விட்மார், மில்ரன் றொக்கீச் என்னும் உளவியலாளர் இருவர். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இளம் பராயத்தினர் 237 பேரையும், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகரில் வளர்ந்தோர் 130 பேரையும் வினவி, 1974 இலே முடிவுகளை வெளியிட்டனர். தப்பெண்ணம் மிக்கோரும் குறைந்தோரும் தொடரைப் பெரும்பாலும் ஒரே அளவிற் சுவைத்தனர். ஆனால் அவர்கள் கண்ட நாடகம் ஒன்றன்று. தப்பெண்ணம் மிக்கோர் ஆர்ச்சியையே வியந்தனர். வாதத்தில் வெல்பவன் அவனே என்றனர். நாடகம் மைக்கைப் பரிகசிப்பதாக எண்ணினர். மற்றையோர் ஆர்ச்சி பரிகசிக்கப்படுவதாகக் கண்டனர். தொடர் எவரையும் புதிதாகத் துவேஷியாக்கிற்று என இவ்வாய்வு நிறுவவில்லை. நிறுவ முனையவும் இல்லை. வந்தவர் தாம் கொண்டுவந்ததையே எடுத்துக்கொண்டு சென்றனர் என்பதே அது காட்டிய உண்மை. கோகொலின் ஆசிரியன் அரங்கின் முகப்பில் நின்று கேட்டதும் ஏறத்தாழ இதனையே.

இவ்விடத்திலே பழைய தமிழ் இலக்கண ஆசிரியரின் நுண்மாண் நுழைபுலம் நமக்குத் துணைசெய்கின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்தார். அவற்றுள் மூன்று, இளமையும் பேதைமையும் மடனும், நகைக்கு இலக்காகுபவனது இயல்பு பற்றியவை. எஞ்சிய எள்ளல் ஒன்றே இருவருக்கிடையே நிகழும் செயல். எள்ளுதல் என்றவுடன் எள்ளுபவன் யார், எள்ளப்படுபவன் யார் என்னும் வினா எழுந்தே தீரும். உரையாசிரியர்களும் பிறரை எள்ளி நகுவதையும் பிறரால் எள்ளப்பட்டு நகுவதையும் வேறுபிரித்தே நோக்கினர்.

ஸ்பைற்றும் லியரும் ஆர்ச்சி, அல்ஃப் ஆகியோரது மடமையைக் கண்டு சபை நகும் என எண்ணினர். ஆனால் அவர்கள் எழுதிய காட்சிகளிற் பெரும்பாலானவற்றில் எள்ளுபவன் யார்? அல்ஃப்பே, ஆர்ச்சியே. கூர்மையான வசனம், எதிர்பாராத உவமை, எதிராளியின் வாயை அடைக்கும் பட்டப்பெயர் யாவும் அவனுக்கே அளிக்கப்பட்டன. மருமகனுக்குக் கிடைத்ததோ சரியான கருத்து மட்டுமே. மேடையிலே சரியான கருத்தும் கூர்மையான வசனமும் மோதினால் எது வெல்லும் என்பதை நாடகம் அறிந்தவர் எவரும் சொல்வர். அதிலும் ஆங்கிலத் தொடரின் மருமகன் உழைக்காமல் மாமன் வீட்டில் உண்டு வாழ்பவன். அமெரிக்கத் தொடரின் மருமகன் மாமன் சோற்றிலே படிப்பவன். நியாயத்தைப் பேசுபவனை நன்றிகெட்டவனாக நிறுத்திவிட்டு, நியாயம் வெல்லவில்லையே எனச் சபையை நொந்து பயனில்லை.

எனவே, நகைச்சுவை எழுதுவோர் மனங்கொள்ள வேண்டிய முதல் உண்மை இது: சொல்லிலே பிறக்கும் சிரிப்பு, சொன்னவனுக்கே சொந்தமாகும். அவன் சொல்லுக்கு நாம் சிரித்த அக்கணத்தில் அவன் கட்சியில் நாம் சேர்ந்துவிடுகிறோம். பின்னர் அறிவு வந்து நம்மை மீட்க வேண்டியிருக்கிறது. நிலைமையிலே பிறக்கும் சிரிப்போ ஆசிரியனுக்குச் சொந்தமானது. அதனைப் பாத்திரம் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியாது.

இதற்குச் சான்று அத்தொடரிலேயே உண்டு. 1972 பெப்ரவரியில் ஒளிபரப்பான நாடகமொன்றில், கறுப்பினத்தவரும் யூத சமயத்தைத் தழுவியவருமான புகழ்பெற்ற கலைஞர் சமி டேவிஸ் தாமாகவே தோன்றினார். நண்பனின் வாடகைக் காரை ஆர்ச்சி ஓட்டியபோது அதிலே தவறவிட்ட பையைப் பெற அவர் ஆர்ச்சியின் வீட்டுக்கு வருகிறார். ஆர்ச்சிக்குத் தலைகால் தெரியாத பெருமிதம். கூடவே வழக்கமான உளறல்கள். விடைபெறும் வேளையில் நினைவுக்காகப் படம் பிடிக்கின்றனர். படம் பிடிக்கும் கணத்திலே சமி டேவிஸ் ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிடுகிறார். ஆர்ச்சி மரம்போல் நிற்கிறான். சபை அதிர்ந்து சிரிக்கின்றது. அச்சிரிப்பை ஆர்ச்சியின் வெற்றியாக எந்தத் துவேஷியும் கொள்ள முடியாது. சரியான கருத்தை எவரும் எடுத்துரைக்கவில்லை. எடுத்துரைக்கவேண்டிய தேவையும் எழவில்லை. காட்சி தானே தீர்ப்புக் கூறிவிட்டது. கோகொலின் அதிகாரிகளும் அவ்வாறே: அவர்கள் வேடிக்கையாகப் பேசுவதனால் அன்று, தமது அச்சத்தாலும் பேராசையாலும் தாமே விரித்த வலையில் வீழ்வதனாலேயே நாம் சிரிக்கிறோம்.

இரண்டாவது உண்மை, எழுத்துத் திறனை மட்டும் பற்றியதன்று. அது சமுதாயப் பார்வை பற்றியது. கோகொல் நகைப்புக்கு இலக்காக்கியவர் யார்? பட்டினத்தின் ஆளுநன், நீதிபதி, தருமச்சாலைகளின் மேற்பார்வையாளன், பள்ளிகளின் அதிபதி. அதிகாரம் எங்கே குவிந்திருந்ததோ அங்கே அவர் சிரிப்பு பாய்ந்தது. நமது இரு தொடர்களிலும் துவேஷத்தின் முழுச் சுமையையும் தாங்குபவன் கூலிக்கு உழைப்பவன் ஒருவனே. அவன் நாற்காலியில் இருந்து முழங்குகிறான். ஆனால் அவன் முழங்கும் வெறுப்பினால் இலாபம் அடைந்தவர்கள் அந்த அறைக்குள் வருவதேயில்லை.

ஆர்ச்சியின் அயல்வீட்டை ஜெஃபர்சன் என்னும் கறுப்பினக் குடும்பம் வாங்குவது நகைச்சுவைக்குக் களமாயிற்று. ஆனால், 1934 இல் ஏற்படுத்தப்பட்ட அமெரிக்கக் கூட்டரசின் வீடமைப்பு நிருவாகம், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி வழங்காது பல்லாண்டுகள் நடந்துகொண்டதை எத்தனை பார்வையாளர் அத்தொடர் வாயிலாக அறிந்தனர்? வீடு விற்பதில் நிறபேதத்தைச் சட்டம் தடைசெய்ததே 1968 இலேதான். அயலில் ஒரு கறுப்பினத்தவர் குடிவந்தால் வீட்டின் விலை வீழ்ந்துவிடும் என்று ஆர்ச்சி அஞ்சுவானாயின், அந்த அச்சம் அவன் மண்டையில் தானாக முளைத்ததன்று. வங்கியும், காணித் தரகனும், அரச அலுவலகமும் சேர்ந்து விதைத்தது அது. விதைத்தவன் கனவானாகத் திரைக்கு வெளியே நிற்க, விளைச்சலைச் சுமந்தவன் கோமாளியாகத் திரையில் நிற்கிறான். இதனைக் கண்டு சிரித்த படித்த நடுத்தர வர்க்கத்தார், துவேஷம் என்பது படியாதவனின் குறைபாடு எனத் திருப்தியுற்றனர். அவர்களையும் இச்சிரிப்பு மாற்றவில்லை.

கிழக்கு இலண்டனைப் பற்றியும் இதே குறையைச் சொல்ல வேண்டும். 1936 ஒக்டோபர் 4 ஆந் திகதி, பாசிசத் தலைவன் மோஸ்லியின் கருஞ்சட்டைப் படையை, அப்பகுதியின் கேபிள் தெருவிலே யூதரும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும் பொதுவுடைமையாளரும் தோளோடு தோள் நின்று தடுத்து நிறுத்தினர். வொப்பிங்குக்கு அருகிலேயே அத்தெரு உள்ளது. ஸ்பைற்றுக்கு அப்போது வயது பதினாறு. அல்ஃப்பின் தலைமுறை அந்நாளைக் கண்ட தலைமுறை. அவ்வாறிருந்தும், அந்நினைவைச் சுமந்த முதிய தொழிலாளி ஒருவன், அல்ஃப்பினும் கூர்மையான நாவுடையவனாய், அவனுக்கு எதிரே ஒரு நாற்காலியில் நிலையாக அமர்த்தப்படவில்லை. எதிரே இருந்தவன் அநுபவமற்ற இளைஞன் ஒருவன் மட்டுமே. தொழிலாளியைத் துவேஷியாகக் காட்டியது பொய்யன்று. 1968 அதனை மெய்ப்பித்தது. ஆனால் 1936 ஐ விட்டுவிட்டு 1968 ஐ மட்டும் காட்டுவது அரை உண்மை. யதார்த்தம் என்பது கண்ணிற் பட்டதை அப்படியே எழுதிவைப்பதன்று. முரண்பட்டு நிற்கும் இரு பக்கங்களையும் காண்பது.

எனினும், பார்வையாளரை நாம் எளிதிற் பழித்துவிடலாகாது. ஆர்ச்சியை நேசித்த இலட்சக்கணக்கான உழைப்பாளரை வெறும் துவேஷிகள் எனத் தள்ளுவது, தொடரின் குறைபாட்டையே நாமும் செய்வதாகும். அதற்கு முந்திய அமெரிக்கத் தொலைக்காட்சிக் குடும்பங்களிற் பெரும்பாலானவை கவலையற்ற, வசதிமிக்க புறநகர்க் குடும்பங்கள். வேலையால் களைத்து வந்து, தேய்ந்த நாற்காலியில் விழுந்து, வட்டிக்கும் விலையேற்றத்துக்கும் அஞ்சி வாழும் மனிதனை மக்கள் ஆர்ச்சியிலே கண்டனர். 1974 இல் அவன் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டு வீட்டில் வருமானமின்றித் திண்டாடுவதை நான்கு வாரங்கள் தொடர்ந்து காட்டினர். தம் முகத்தைத் திரையில் கண்டவர்கள் அந்த முகத்தை நேசித்தனர். அரிதாக அவர்கள் முகத்துக்குத் திரையில் இடம் கிடைத்தபோது, அதன் வாயிலே வெறுப்பும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. நாம் வருந்தவேண்டியது இதற்கே.

மறுபுறத்தில், அவ்வெறுப்புக்கு இலக்கானோரும் பார்வையாளரே என்பதை நாம் மறந்துவிடலாகாது. அல்ஃப் வாயிலிருந்து இரவில் புறப்பட்ட பட்டப்பெயர்கள் மறுநாள் பள்ளிக்கூட முற்றத்திலே தம்மைத் தேடிவந்ததைப் பிரித்தானியாவில் வளர்ந்த கறுப்பின, ஆசியப் பிள்ளைகள் பலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். ஆசிரியரின் உள்நோக்கம் அந்த முற்றம்வரை உடன்வருவதில்லை. சொல் மட்டுமே வருகிறது. ஸ்பைற் இதிலிருந்து போதிய பாடம் கற்றாரெனக் கூறமுடியாது. 1969 இல் அவர் எழுதிய ‘கறி அன்ட் சிப்ஸ்’ என்னும் தொடரில் ஸ்பைக் மில்லிகன் என்னும் வெள்ளையர் முகத்தில் பழுப்பு நிறம் பூசிப் பாகிஸ்தானியராக நடித்தார். ஆறு வாரங்களின் பின் அது நிறுத்தப்பட்டது. அதன் நோக்கமும் துவேஷத்தைக் கண்டிப்பதே எனப்பட்டது.

அவ்வாறாயின், இத்தகைய பொருளை நகைச்சுவையாளர் தொடாது விட்டுவிட வேண்டுமா? இல்லை. தடைவிதிப்போர் கட்சியில் நாம் சேரமாட்டோம். மௌனம் துவேஷத்தை ஒருநாளும் அழித்ததில்லை. அமெரிக்கக் குடும்பங்கள் உணவு மேசையில் பேச அஞ்சிய பொருள்களை லியரின் தொடர் பேசவைத்தது. கறுப்பினக் குடும்பங்களையே நடுநாயகமாகக் கொண்ட தொடர்கள் 1974 இலும் 1975 இலும் தோன்றுவதற்கு அதன் வெற்றி வழிவகுத்தது. இவை சிறிய பேறுகளல்ல.

அதன் உச்சமென நாம் கருதும் காட்சி 1978 பெப்ரவரியில் வந்தது. களஞ்சிய அறையொன்றில் மாமனும் மருமகனும் தற்செயலாகப் பூட்டப்பட்டு, குடித்து மயங்கிப் பேசிக்கொண்டிருக்கின்றனர். பொருளாதார மந்த காலத்திலே தந்தை வேலை இழந்ததையும், ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வேறொரு பாதணியுமாகப் பள்ளிக்குச் சென்று பிள்ளைகளின் பரிகாசத்துக்கு ஆளானதையும் ஆர்ச்சி சொல்கிறான். தந்தை தன்னை அடித்ததையும் சொல்கிறான். அந்தத் தந்தையின் கருத்துக்கள் பிழை என்று மைக் கூறும்போது, தன்மீது அன்பு வைத்து உழைத்த ஒருவர் தனக்குப் பிழையானதைக் கற்பித்திருக்க முடியுமா என்று அவன் வியக்கிறான். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்குகிறது. துவேஷம் வறுமையோடும் அன்போடும் பின்னிப்பிணைந்து ஒரு குழந்தைக்குள் எவ்வாறு இறங்குகிறது என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. ஆர்ச்சியை மன்னிக்கும்படி அக்காட்சி நம்மை வேண்டவில்லை. அவனை விளங்கிக்கொள்ளும்படி வேண்டுகின்றது. ஏழாண்டுக்கால வசைச்சொல் விளையாட்டால் ஆகாதது அக்காட்சியால் ஆயிற்று.

நமது எழுத்தாளர்களும் மேடைக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நகைச்சுவை எழுதுகின்றனர். பிற ஊரவன் பேச்சையும், பிற சமூகத்தவன் நடையையும், உழைப்பவன் வறுமையையும் வைத்துச் சபையைச் சிரிக்கவைப்பது நமக்குப் புதிதன்று. கேட்டால், பரிகாசம் செய்வது அக்குறைகளைத்தான், மனிதரை அன்று என்ற விடை வரும். நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் எழுதிமுடித்த பின்னர் மூன்று கேள்விகளை எழுத்தாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. கூர்மையான வசனம் யார் கையில் இருக்கிறது? இத்தீமையால் இலாபம் பெறுபவன் காட்சிக்குள் வருகிறானா? பரிகசிக்கப்படும் மனிதன் முன்வரிசையில் வந்து அமர்ந்தால், அவனும் சேர்ந்து சிரிக்க முடியுமா?

இவற்றுக்கு விடை தெரியாதவர் அரங்கின் முகப்புக்குச் சென்று ஒதுங்கி நிற்கட்டும். வெளியேறும் மக்கள் அவருக்குச் சொல்வார்கள்.